நடுங்கின வீடும் முடிவு வராத நாட்களும்: வானொலி நேயர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரம் நிலநடுக்கத்துக்குப் பிறகு எப்படி எழுந்தது என்று நடப்பு விவகார நிகழ்ச்சியில் பேசும்போதெல்லாம் யாழ்ப்பாணத்து நேயர்களின் சந்தேகங்கள் ஒரே வழியில் வருகின்றன. "அங்க என்ன நடந்தது?" என்று தொடங்கி, மூன்றாவது வசனத்தில் "எங்கட வீட்டுச் சுவரிலயும் ஒரு வெடிப்பு இருக்கு" என்று வந்து நிற்கும். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். வீட்டைத் திருத்துவதைவிட முடிவு வரும்வரை காத்திருப்பது பற்றியே பதில்களில் கூடுதலாக இருக்கும். அந்த நகரத்து வீட்டுக்காரர் தங்கள் காலத்தைக் கூடச் செலவழித்தது அதில்தான்.

கிறைஸ்ட்சேர்ச்சில வந்தது ஒரு நடுக்கமோ, கனக்கவோ?

கனக்க. முதலாவது 2010 செப்டெம்பர் 4 அதிகாலை 4.35க்கு, 7.1 அளவில், நகருக்கு மேற்கே டார்ஃபீல்ட் பக்கம் வந்தது. வீடுகள் உடைந்தன, ஆனால் எல்லாரும் படுக்கையில் இருந்த நேரம் என்பதால் இடிபாட்டில் உயிர்கள் போகவில்லை. 2011 பெப்ரவரி 22 மதியம் 12.51க்கு வந்தது 6.3. அதில் 185 பேர் இறந்தார்கள். அவர்களில் 115 பேர் ஒரே கட்டடத்தில், கன்ரபரி தொலைக்காட்சி இருந்த மாடிக் கட்டடத்தில். பிறகு அதே ஆண்டு ஜூன் 13, டிசெம்பர் 23 என்று திரும்பவும் பெரிய ஆட்டங்கள்.

ஒரே சுவர் நான்கு தரம் உடைந்திருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் இழுபறியில் பெரும் பங்குக்கு வேர் இதுதான்.

7.1ஐ விட 6.3 சின்னன்தானே? அது எப்படிக் கூட அழிச்சது?

அந்த எண் நடுக்கம் பிறந்த இடத்தில் வெளிப்பட்ட சக்தியைச் சொல்வது. உங்கள் வீடு எவ்வளவு ஆடியது என்பதைத் தூரமும் ஆழமும் மண்ணும் தீர்மானிக்கும். பெப்ரவரி நடுக்கம் நகரின் காலடியில், சில கிலோமீற்றர் ஆழத்தில் வந்தது. செய்தியில் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு "இது சின்னன்" என்று இருந்துவிடக் கூடாது.

எங்கட யாழ்ப்பாணத்துக்கும் உப்பிடி வருமோ?

வாய்ப்புக் குறைவு. இலங்கை இந்தியத் தட்டின் உட்பகுதியில் இருக்கிறது. தட்டுகள் மோதும் விளிம்பு சுமாத்திரா பக்கம். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று ஆகாது. 2020இல் கண்டி, திகன பக்கம் சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் பல்லேகல, மகாகனதராவ, ஹக்மண, புத்தங்கல ஆகிய இடங்களில் கருவிகள் வைத்து அதிர்வைப் பதிகிறது.

குடாநாட்டுக்கு அசல் ஆபத்து தூரத்து நடுக்கம் அனுப்பும் கடல். 2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவில் வந்த 9.1 அளவு நடுக்கத்தை இங்கே பலர் உணரவே இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு வடமராட்சி கிழக்குக் கரையைக் கடல் எடுத்தது. 2012 ஏப்ரல் 11இல் 8.6 வந்தபோது கரையை விட்டு ஓடினோம், பேரலை வரவில்லை. இரண்டு நாளும் சரியான நடத்தை ஒன்றேதான்: எச்சரிக்கை கேட்டால் முதலில் மேட்டுக்குப் போவது, பிறகு செய்தியைத் தேடுவது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

காசுள்ள நாடு. எல்லாருக்கும் இன்சூரன்ஸ். பிறகேன் வருசக்கணக்கா இழுபட்டது?

அங்கே வீட்டுக் காப்புறுதி எடுத்தவருக்கு அரசின் நிலநடுக்க ஆணைக்குழுவின் பாதுகாப்பும் தானாகச் சேர்ந்து வரும். அப்போது ஒரு வீட்டுக்கு, வரி நீங்கலாக, முதல் 1,00,000 டொலரை ஆணைக்குழு கொடுக்க வேண்டும். அதற்கு மேற்பட்டதைத் தனியார் கம்பனி கொடுக்க வேண்டும். கேட்க இலகு. ஆனால் அந்த எல்லை ஒவ்வொரு நடுக்கத்துக்கும் புதிதாகத் தொடங்கும் என்று 2011 செப்டெம்பரில் அங்கத்தை மேல் நீதிமன்றம் தீர்த்தது.

கணக்கைப் பாருங்கள். மொத்தச் சேதம் 1,60,000 டொலர் என்று வைப்போம். அது மூன்று நடுக்கங்களுக்கு 40, 90, 30 ஆயிரம் என்று பிரிந்தால் முழுவதும் ஆணைக்குழுவின் தலையில். அதே சேதம் 20, 130, 10 என்று பிரிந்தால் கம்பனி 30,000 கொடுக்க வேண்டும். எந்த வெடிப்பு எந்த நாளில் வந்தது என்பதற்குத்தான் இரு பக்கமும் ஆள் அனுப்பி அளந்தார்கள். ஒருவர் அளந்ததை மற்றவர் ஏற்கவில்லை. வீட்டுக்காரர் நடுவில்.

இந்தச் சண்டையில் கை ஓங்கியிருந்தவர் முதலாவது நடுக்கத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் திகதியோடு படம் எடுத்து வைத்திருந்தவர். எல்லை பிறகு 1,50,000 ஆகி, 2022இல் 3,00,000 ஆனது. ஆணைக்குழுவின் பெயரும் இப்போது மாறிவிட்டது.

சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினா அதுதானே சிவப்பு வலயம்?

இல்லை. நிகழ்ச்சி நடத்துபவர்களே சில வேளை குழப்புகிற இடம் இது. ஸ்டிக்கர் கட்டடத்துக்கு உரியது: நடுக்கம் வந்த நாட்களில் அவசரமாகப் பார்த்து, பச்சை என்றால் பார்த்தாயிற்று, மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டோடு போகலாம், சிவப்பு என்றால் உள்ளே போகாதே என்று ஒட்டுவது. வலயம் நிலத்துக்கு உரியது: மாதங்கள் கழித்து, ஒரு பகுதி முழுவதையும் திருத்துவது பயன் தருமா என்று பார்த்து அரசு எடுத்த முடிவு.

ஆகவே பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய நல்ல வீடு சிவப்பு வலயத்துக்குள் இருக்கலாம். ஒரு கீறலும் இல்லாத வீட்டை ஏன் விட்டுப் போக வேண்டும் என்று அங்கே கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் இதுதான்: வீடு சரி, கீழே இருக்கும் நிலம் சரியில்லை. ஆற்றோரத்து மணல், நீர்மட்டம் மேலே இருந்த இடங்களில், ஆட்டத்தில் குழம்பாகிப் பொங்கி முற்றமெல்லாம் சேறாகியது.

சிவப்பு வலயத்து ஆக்களுக்கு என்ன குடுத்தவை?

சுமார் 8,000 ஆதனங்கள். 2011 ஜூனில் முதல் அறிவிப்பு. காப்புறுதி இருந்தவர்களுக்கு இரண்டு வழி: ஒன்று, காணியையும் வீட்டையும் 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விலையில் அரசுக்கு விற்று, காப்புறுதி உரிமையையும் எழுதிக் கொடுப்பது. மற்றது, காணியை மட்டும் அரசுக்கு விற்று, வீட்டுக்கான பணத்தைத் தாங்களே கம்பனியோடு பேசி எடுப்பது.

2007க்குப் பிறகு அறை கூட்டியவர்களுக்கும் திருத்தியவர்களுக்கும் அந்த விலை அடி. காப்புறுதி இல்லாதவர்களுக்கும் வெறுங்காணிக்காரருக்கும் காணி விலையில் அரைவாசி மட்டும் என்றார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த முடிவு சட்டப்படி எடுக்கப்படவில்லை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அறிவிப்புக்கும் தீர்ப்புக்கும் இடையில் போன வருடங்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்ப பச்சை வலயத்துக்காரர் நிம்மதிதானே?

அரை நிம்மதி. திருத்திக் குடியிருக்கலாம் என்று விட்ட பச்சை வலயத்துக்குள்ளும் நிலத்தை மூன்று தரமாகப் பிரித்தார்கள். மூன்றாவது தரத்தில் ஆழத் துளையிட்டு மண் பார்த்து, அந்த வீட்டுக்கென்றே அத்திவாரம் வரைய வேண்டும். துளையிடும் ஆட்களுக்கும் மண் பொறியியலாளருக்கும் வரிசை நீண்டது.

உதெல்லாம் அங்க. இங்க அப்பிடி ஒரு வலயம் போட்டவையே?

போட்டார்கள். 2004 கடல்கோளுக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டத் தடை வந்தது. 40 சதவீதத்துக்கு மேல் உடைந்த வீடு முழுச் சேதம் என்று கணக்கு. வலயத்துக்கு வெளியே காணி இருந்தவருக்கு முழுச் சேதத்துக்கு 2,50,000 ரூபாய், பகுதிச் சேதத்துக்கு 1,00,000 ரூபாய், தவணை தவணையாக. வலயத்துக்குள் இருந்தவருக்குப் பழைய இடத்தில் கட்ட உதவி இல்லை. வேறு இடத்தில் யாராவது கட்டித் தரும் வீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். வள்ளமும் வலையும் கரையில், வீடு உள்ளுக்கு என்றால் கடற்றொழில் செய்பவர் என்ன செய்வார்?

பிறகு 2005 இறுதியிலும் 2006இலும் அந்தத் தூரத்தைத் தளர்த்தி, இடத்துக்கு இடம் மாறும் பழைய கரையோரப் பாதுகாப்பு விதிக்கே திரும்பினார்கள். விதி மாறியது நல்லதுதான். ஆனால் முதல் அறிவிப்பை நம்பிக் கரைக் காணியைக் கைவிட்டவருக்கும், நம்பாமல் இருந்தவருக்கும் கிடைத்தது ஒன்றல்ல. வலயம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னொரு பாரமும் உண்டு. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்தால் 1990 தொடக்கம் வீட்டைப் பார்க்க முடியாமல் இருந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

அமைச்சர் றேடியோவில சொல்லிப்போட்டார் திருத்தக் காசு தருவம் எண்டு. நம்பி வேலையைத் தொடங்கலாமோ?

தொடங்க வேண்டாம். நேர்காணலில் வருவது பெரும்பாலும் எண்ணம். பணம் வருவது சுற்றறிக்கையில் அல்லது வர்த்தமானியில். கேட்கும்போது ஒரு கொப்பியில் இவற்றை எழுதுங்கள்: சொன்னவர் யார், எந்தப் பதவியில் இருந்து சொன்னார்; முடிவு எடுத்தாயிற்று என்றாரா, எடுக்கப்போகிறோம் என்றாரா; எந்தப் பிரதேச செயலகப் பிரிவுகள்; எந்தத் திகதியிலிருந்து, எந்தத் திகதிவரை; சுற்றறிக்கை இலக்கம் உண்டா. கடைசி இரண்டும் சொல்லப்படவில்லை என்றால் அது இன்னும் முடிவாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்போடு கிராம சேவகரிடம் போனால், "றேடியோவில சொன்னவை" என்று போவதைவிட வேறு மரியாதை கிடைக்கும்.

தொலைபேசியில் வரும் மற்ற வீட்டுக்காரர் சொல்லும் தொகையை உங்கள் தொகை என்று எண்ண வேண்டாம். அவருடைய ஒப்பந்தம் வேறு, நிலம் வேறு. நீங்களே நிகழ்ச்சிக்கு அழைப்பதானால் ஊரின் பெயர், சேதம் நடந்த திகதி, விண்ணப்பம் கொடுத்த திகதி, இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது, ஒரே ஒரு கேள்வி, அவ்வளவு போதும். காப்புறுதி இலக்கம், வங்கிக் கணக்கு, வீட்டு விலாசம் ஆகியவற்றை ஒலிபரப்பில் சொல்லவே கூடாது. ஒலிபரப்பில் அதிகாரி ஒருவர் "பாத்துச் சொல்லுறன்" என்றால் எந்த நாளுக்குள் என்று அங்கேயே கேளுங்கள். கேட்பதில் பிழை இல்லை.

நடுங்கி முடிஞ்ச உடன வீட்டில முதல்ல எதைப் பாக்கிறது?

வெளியே நின்று பாருங்கள், உள்ளே ஓட வேண்டாம். பின்னதிர்வு வரும். மதிலோரம் நிற்கக் கூடாது; கம்பி இல்லாமல் ஒற்றைக் கல்லில் எழுப்பிய மதில்தான் முதலில் சாயும். பிறகு மேலே: முகட்டோடு, கூரை விளிம்பு, தண்ணீர்த் தாங்கி. 1,000 லீற்றர் தாங்கி நிறைந்தால் ஒரு தொன். அதன் தூண்களில் அடியிலும் தலையிலும் வெடிப்புத் தெரிந்தால் முதல் வேலை தாங்கியைத் திறந்து நீரை வெளியே விடுவது. இதை மறந்துவிட்டு உள்ளே போய்க் கண்ணாடிச் சாமான் பொறுக்குகிறவர்கள் உண்டு.

கதவு நிலை இறுகித் திறக்கவில்லை என்றால் தள்ளி உடைக்காதீர்கள். சுவர் நகர்ந்து நிலையில் ஏறி நிற்கலாம். காஸ் சிலிண்டரை மூடி, மெயின் சுவிச்சை இறக்குங்கள். காஸ் மணம் வந்தால் சுவிச்சில் கை வைக்கக் கூடாது. கிணற்று நீர் கலங்கியிருந்தால் தெளியும்வரை குடிக்க வேண்டாம். மலக்குழிக் குழாய் உடைந்து கிணற்றுக்கு ஓடுவது சுண்ணக்கல் நிலத்தில் விரைவாக நடக்கும். ஆகவே நீர் தெளிந்த பிறகும் சில நாள் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

சுவரில வெடிப்பு. பாரதூரமோ இல்லையோ எப்பிடி அறியிறது?

அகலமும் போகும் திசையும். ஒரு மில்லிமீற்றருக்குள் என்றால் பூச்சு வெடிப்பாக இருக்கலாம். 5 மில்லிமீற்றர் வரை நிரப்பிப் பூசலாம். 5 முதல் 15 வரை என்றால் கல்லை உடைத்து எடுத்துத் திரும்பக் கட்ட வேண்டி வரும். கதவு யன்னல் இறுகத் தொடங்கும். 25ஐத் தாண்டினால் சுவரின் தாங்கும் பலமே சந்தேகம்.

திசை: யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஏறுவது, பெருக்கல் குறி போல் இரண்டு சரிவும் குறுக்கிடுவது, இரண்டு சுவர் சேரும் மூலை மேலிருந்து பிரிவது ஆகியவை ஆட்டத்தின் அடையாளங்கள். நீளச் சுவரின் நடுவில் நேராக நிற்கும் மெல்லிய வெடிப்பு, ஈரம் காயாத சீமெந்துக்கல்லை வைத்துக் கட்டியதால் வருவது. கொங்கிறீற் கூரைக்குச் சற்றுக் கீழே கிடையாக ஓடுவது வெயிலில் கூரை விரிந்து சுருங்குவதால். சித்திரை வெயிலில் கூடும், மாரியில் ஒடுங்கும். வயலை மண் போட்டு நிரப்பிக் கட்டிய வீடு ஒரு பக்கம் இறங்கினால் வெடிப்பு கீழே ஒடுங்கி மேலே விரியும். இவற்றில் ஒன்றைக் கொண்டுபோய் "நடுக்கச் சேதம்" என்று எழுதினால், பார்க்க வருபவர் மற்ற உண்மையான சேதத்தையும் நம்பமாட்டார்.

கூரைக் கொங்கிறீற் வெடிச்சுக் கட்டியாக் கொட்டுது. நடுக்கத்தாலதானே?

யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் கறள். உப்பு மணலும் உவர்க் கிணற்று நீரும் உள்ளே போய், கம்பி கறள் பிடித்து, கறள் கம்பியைவிடப் பல மடங்கு இடம் எடுத்து, கொங்கிறீற்றை வெளியே தள்ளுகிறது. வெடிப்பு கம்பி ஓடும் வழியே நேர்கோடாகப் போகும், மண்ணிறக் கசிவு தெரியும், தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். ஆட்டம் அதைக் கொட்ட வைத்திருக்கலாம், உண்டாக்கவில்லை.

மேலால் பூசுவது வீண். சுத்தமான கம்பி தெரியும்வரை உடைத்து, கறளைக் கம்பித் தூரிகையால் எடுத்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துத்தான் திரும்பப் போட வேண்டும். உடைக்கும் முன் கீழே முட்டுக் கொடுக்காமல் தொடங்குகிற வேலையாளை நிறுத்துங்கள்.

வெடிப்புக் கூடுதோ, அப்பிடியே நிக்குதோ?

வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். நடுவில் இரு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து இடைத்தூரத்தை அளந்து வையுங்கள். வாரம் ஒரு தரம், ஒரே நேரத்தில், காலையில் என்றால் எப்போதும் காலையில் அளக்க வேண்டும். மேலே சொன்ன வெயில் கணக்கைக் குழப்பும்.

நிலம் சரிந்ததா என்று பார்க்க மேசன்மார் பாவிக்கும் ரியூப் மட்டமே போதும். தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, ஒரு முனையை நடு அறையில் வைத்து, மற்றதை ஒவ்வொரு மூலையாகக் கொண்டுபோய் சுவரில் குறியிட்டு, குறியிலிருந்து நிலத்துக்கு அளக்க வேண்டும். கிறைஸ்ட்சேர்ச்சில் நிலம் இரண்டு இடத்துக்கிடையில் 200க்கு 1ஐ விடச் சரிந்தாலோ, வீடு முழுவதிலும் 50 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மட்டம் திருத்த வேண்டுமா என்று பார்க்கச் சொன்னார்கள். இங்கே அது விதி இல்லை. ஆனால் பேச ஒரு அளவு.

அசிங்கமாக் கிடக்கு. பூசி மறைச்சா என்ன?

பார்க்க வேண்டியவர் பார்த்துக் கையெழுத்து வைக்கும்வரை பூசாதீர்கள். கூரை ஒழுகினால் தறப்பாள் போடலாம், ஓடு மாற்றலாம், முட்டுக் கொடுக்கலாம். முன்னும் பின்னும் படம் எடுத்து, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். படத்தில் அடிமட்டத்தையோ ஒரு நாணயத்தையோ வெடிப்போடு சேர்த்து வைத்தால் அகலம் தெரியும். ஒரு கிட்டப்படம், அதே இடத்துக்கு ஒரு தூரப்படம். கிட்டப்படம் மட்டும் இருந்தால் எந்த அறை என்று ஆறு மாதத்தில் உங்களுக்கே மறந்துவிடும்.

அவசரமாகப் பூசியதன் விளைவை கிறைஸ்ட்சேர்ச் நன்றாகப் பார்த்தது. அத்திவாரத்தைப் பார்க்காமல் சுவரை நிரப்பி நிறம் அடித்த வீடுகளைப் பிறகு திரும்பத் திறந்து திருத்த நேர்ந்தது.

மேசன் பாத்தாக் காணாதோ? எஞ்சினியர் வேணுமோ?

பூச்சு, ஓடு, 5 மில்லிமீற்றருக்குட்பட்ட வெடிப்பு என்றால் நல்ல மேசன் போதும். தூண், பீம், கொங்கிறீற் கூரை, அத்திவாரம், மூலை பிரிதல், மாடி ஆகியவற்றுக்குப் பட்டய சிவில் பொறியியலாளர் வேண்டும். பிரதேச செயலகத்திலிருந்து வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இழப்பீட்டுக்குச் சதவீதம் போடத்தான் வருகிறார். "அவர் பாத்தவர்" என்பது வீடு பாதுகாப்பு என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். பார்த்த திகதி, எவை பார்க்கப்பட்டன, எவை திறந்து பார்க்கப்படவில்லை, சேதத்துக்குக் காரணம், குடியிருக்கலாமா, திருத்தும் முறை ஆகியவை இருக்க வேண்டும். "பார்க்கப்படவில்லை" என்ற பகுதி இல்லாத அறிக்கை பிறகு உங்கள் காலையே வாரும்.

லோன் எடுக்கேக்க வங்கி இன்சூரன்ஸ் போட்டது. அது காணும்தானே?

ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். அடிப்படையில் அது தீக் காப்புறுதி. நிலநடுக்கம், புயல், வெள்ளம் ஆகியவை மேலதிகமாகச் சேர்த்திருந்தால் மட்டும் உண்டு. தொகை கடன் மிச்சத்துக்கு மட்டும் போடப்பட்டிருக்கலாம். பணம் முதலில் வங்கிக்குப் போகும்.

குறைத்துக் காப்புறுதி செய்வதுதான் பெரிய பொறி. திரும்பக் கட்ட 80 இலட்சம் வேண்டிய வீட்டை 40 இலட்சத்துக்குப் போட்டால், 10 இலட்சச் சேதத்துக்கு 5 இலட்சம்தான் தருவார்கள், விகிதப்படி வெட்டுவார்கள். காணி விலையைச் சேர்க்காமல், இன்றைய சீமெந்து, கம்பி, கூலி விலையில் கணக்குப் பார்த்து, வருடம் ஒரு தரம் மாற்றுங்கள். நியூசிலாந்திலும் 2010க்கு முன் தொகை எழுதாமல் "முழுதும் திரும்பக் கட்டித் தருவோம்" என்றிருந்த ஒப்பந்தங்கள், நடுக்கங்களுக்குப் பிறகு குறித்த தொகைக்கு மாறின.

வீடு அம்மாவின்ர சீதனம். அம்மா இல்லை. அண்ணா கனடாவில. ஆர் விண்ணப்பிக்கிறது?

வீட்டில் இருப்பவர் சேதத்தைப் பதியலாம், பதியத்தான் வேண்டும். அதற்கு உரிமைச் சண்டை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பணம் எடுக்கவும் விற்கவும்தான் உரிமை வேண்டும். அம்மாவின் இறப்புச் சான்றிதழ், பிள்ளைகள் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ், உறுதியின் அத்தாட்சிப் பிரதி ஆகியவற்றை இப்போதே சேருங்கள். ஆதனத்தின் பெறுமதியைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்தை உரியவர்களுக்குச் சேர்க்கும் வழக்கு) தேவையா என்று சட்டத்தரணி சொல்வார். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்ப வேண்டும். அதில் இழப்பீடு பெறுவதும் கையெழுத்திடுவதும் தெளிவாக இருக்க வேண்டும். காணியைப் பராமரிக்க என்று மட்டும் எழுதியது இதற்கு உதவாது.

உறுதி தொலைந்துவிட்டதா? நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் அங்கே பிரதி எடுக்கலாம். அம்மா உயிரோடு இருந்தால் ஒப்பந்தமும் விண்ணப்பமும் அவர் பெயரில்தான். அப்பா கையெழுத்து மட்டும் போதாது. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி அம்மா வீட்டை விற்பதானால் அப்பாவின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

காசு பகுதி பகுதியாத்தான் வருமாம். எப்பிடிக் கட்டி முடிக்கிறது?

அத்திவாரத்தைப் பெருப்பிக்காதீர்கள். வடக்கு, கிழக்கில் இந்திய வீட்டுத்திட்டம் சுமார் 550 சதுர அடிக்கு 5,50,000 ரூபாயைத் தவணைகளாகக் கொடுத்தது. முதல் தவணையில் 800 சதுர அடிக்கு அத்திவாரம் வெட்டியவர் கூரை மட்டத்தில் நின்றார். கூரை இல்லாத சுவர் இரண்டு மாரி நனைந்தால் மேல்வரி கல் இளகும்.

அடுத்த தவணைக்குத் தேவையான கட்டத்தைத் தாண்டிச் சாமான் வாங்காமல் இருப்பது நல்லது. மரமும் ஓடும் விதிவிலக்கு. சீமெந்துப் பையை மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பலகையில், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். அதிகாரி வந்து பார்த்த திகதியையும் பெயரையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தவணை ஏன் வரவில்லை என்று கேட்கப் போகும்போது அதுதான் கையில் இருக்கும்.

புதுசாக் கட்டிறம். நடுக்கத்துக்கெண்டு என்ன சேர்க்கலாம்?

யன்னல் தலை மட்டத்தில் ஒன்று, கூரை மட்டத்தில் ஒன்று என்று வீட்டைச் சுற்றி அறுபடாத கொங்கிறீற் பீம். வாசலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போடும் லின்ரல் இந்த வேலையைச் செய்யாது. 150 மில்லிமீற்றர் உயரத்தில், 10 மில்லிமீற்றர் கம்பி நான்கு, 6 மில்லிமீற்றர் வளையம் 150 மில்லிமீற்றருக்கு ஒன்று, கலவை 1:2:4. இந்த அளவு ஒரு தட்டுச் சீமெந்துக்கல் வீட்டுக்கு.

பிழைப்பது மூலையில். இரு சுவரின் கம்பியையும் மூலையில் நிறுத்திவிடுவார்கள். ஒன்றின் கம்பி வளைந்து மற்றச் சுவருக்குள் அரை மீற்றர் போக வேண்டும். பொருத்தும் இடத்திலும் அரை மீற்றர் மேற்பொருத்து. கதவும் யன்னலும் சுவர் மூலையிலிருந்து 600 மில்லிமீற்றராவது தள்ளி இருக்கட்டும். கரையோரம் என்றால் கம்பிக்கு மேல் 40 மில்லிமீற்றர் மூடல். மணலைக் கழுவி எடுங்கள். நாக்கில் வைத்துப் பார்ப்பது உப்புச் சோதனை ஆகாது. தீவுப்பகுதியில் கொங்கிறீற்றுக்கு நல்ல தண்ணீர் கொண்டு போகத்தான் வேண்டும். ஏழு நாளாவது ஈரம் காயாமல் தண்ணீர் ஊற்றுங்கள்.

மகள் கிறைஸ்ட்சேர்ச்சில பழைய வீடு வாங்கப் போறா. விலை மலிவாம். என்ன பாக்கச் சொல்லுறது?

மலிவுக்குக் காரணம் கேட்கச் சொல்லுங்கள். "இருக்கிறபடியே" என்று விற்கும் வீடு திருத்தப்படாதது; காப்புறுதியும் அதனால் வங்கிக் கடனும் கிடைக்காமல் போகலாம். நகர சபையிடம் காணித் தகவல் அறிக்கை எடுக்க வேண்டும். நிலநடுக்க ஆணைக்குழுவின் அந்த வீட்டுக் கோப்பையும் கேட்க வேண்டும்: எத்தனை நடுக்கத்துக்கு விண்ணப்பித்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எந்த வேலைக்கு. கொடுத்த பணத்தால் அந்த வேலை நடந்ததா, பணமாகவே எடுத்துவிட்டார்களா என்பதைப் பற்றுச்சீட்டோடு பார்க்க வேண்டும். மேலே சொன்ன பூசி மறைத்த கதை அங்கேதான் வெளிப்படும்.

முன்னைய உரிமையாளரின் காப்புறுதி உரிமையை எழுத்தில் மாற்றித் தரும்படி சட்டத்தரணி மூலம் கேட்கலாம். கம்பனிகள் அதை எல்லா வேளையும் முழுதாக ஏற்பதில்லை. தெரியாமல் வாங்கிச் சேதம் ஆணைக்குழுவின் எல்லையைத் தாண்டியவர்களுக்கென்று அரசு 2019இல் அறிவித்த உதவிக்கான விண்ணப்பக் காலம் 2020இலேயே முடிந்துவிட்டது. ஆகவே மட்டம் பார்க்கும் லேசர் கருவியோடு ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரை வாங்கும் முன்பே அனுப்ப வேண்டும். தரைக்கு அடியில் தவழ்ந்து போகக்கூடிய வீடு என்றால் அத்திவாரத் தூண்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.